தடம் புரளட்டும், ஓட்டு!

பீரோ மேல் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறதே, அதை இறக்கு!

தூசியைத் தட்டு. திற. உள்ளே ஓர் எஞ்சின், நாலு பெட்டி, வட்டமாகப் போடும் தண்டவாளத் துண்டுகள். வாங்கி எத்தனை வருஷம்? ஓடியது எத்தனை நாள்?

"ஒருநாள் பெரிசா ரயில் லேஅவுட் கட்டணும்" என்று சொல்லிச் சொல்லியே உன் தலை நரைத்துவிட்டது. அந்த ஒருநாள் எந்தக் காலண்டரில் இருக்கிறது?

வீடியோ பார்த்தாய். ஜெர்மன்காரர் கட்டியதைப் பார்த்தாய், ஜப்பான்காரர் கட்டியதைப் பார்த்தாய். பெருமூச்சு விட்டாய். அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டாய்!

பார்த்துப் பார்த்துக் கண் தேர்ந்துவிட்டது. கை? இன்னும் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

ஏன்?

"இடமில்லை சார்."

தெரியும், இதுதான் முதலில் வரும். இரண்டு பெட்ரூம் ஃபிளாட். அதில் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், போதாததற்கு உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று. சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். எதைக் கட்ட இடமில்லை?

ஊட்டி ரயிலையா? மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 45.88 கிலோமீட்டர். எச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 527 மீட்டர் வரும். அதற்கு உன் வீடென்ன, உன் தெருவே போதாது!

எந்தக் கொம்பனும் முழு ரயில்பாதையை வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. வெட்டித்தான் எடுக்கிறான். ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், ஒரு ரயில்வே கேட். குன்னூர் பெரிதாகத் தெரிகிறதா? விடு. கல்லாறை எடு. ஒரு பிளாட்பாரம், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய், பின்னால் பாக்குத் தோப்பு. போதாதா?

இன்னும் சின்னதாக வேண்டுமா? இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் ஒன்று கட்டினார். பெயர் 'இங்கிள்நுக் சைடிங்ஸ்'. தடம் பிரிக்கும் பாயிண்ட் இரண்டே. மூன்றே தடம். ஒரு தடத்தில் ஐந்து வேகன் நிற்கும். மற்ற இரண்டிலும் மும்மூன்று.

மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். சீட்டு வந்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் கோத்து வண்டியாக நிறுத்த வேண்டும். எஞ்சினை முன்னே விடு, பின்னே விடு, கழற்று, மாட்டு. இவ்வளவுதான் ஆட்டம்.

இவ்வளவுதானா? எட்டில் ஐந்தை எடுத்து எத்தனை விதமாக வரிசை கட்டலாம் தெரியுமா? 6720 விதம்! நாலைந்து அடிப் பலகைக்குள் ஓர் ஆயுளுக்கான ஷண்டிங் வேலை!

அந்த நாலைந்து அடியும் இல்லையா? 'என்' (N) எனப்படும் அளவுக்குப் போ. 160இல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 9 மில்லிமீட்டர். உன் சுண்டுவிரல் நக அகலம்தான். புத்தக அலமாரியின் ஒரு தட்டில் ஒரு ஊரே அடங்கும்.

இனியும் இடமில்லை என்று சொல்லாதே. அந்த உடற்பயிற்சி சைக்கிளுக்கு இடம் கிடைத்ததே, அதன்மேல் இப்போது துண்டுதானே காய்கிறது?

"எனக்குக் கை வராது."

யார் சொன்னது?

நவராத்திரிக்கு உன் வீட்டில் கொலு வைப்பார்களா? உன் வீட்டில் இல்லையென்றால் எதிர் வீட்டில்? படிக்குக் கீழே பார்க் கட்டியது யார்?

தட்டில் மண்ணைக் கொட்டி, கடுகையும் கேழ்வரகையும் தூவி, தண்ணீர் தெளித்து, நாலு நாளில் பச்சைப்பசேலென்று வயலை வரவழைத்தது யார்? முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கப் போட்டு, ஓரமெல்லாம் மணல் அணைத்து, தெப்பக்குளமாக்கியது யார்? உன் அத்தை. உன் பாட்டி. பக்கத்தில் உட்கார்ந்து மலைக்குப் பழுப்புக் காகிதம் கசக்கிக் கொடுத்தது நீ!

அதைச் சுற்றிச் சாவி கொடுத்த ரயில் ஒன்று ஓடியதே. அது லேஅவுட் இல்லாமல் வேறென்ன?

பாட்டி எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாள்? எந்த வெளிநாட்டுக் கடையில் பொருள் வரவழைத்தாள்? வீட்டில் இருந்ததை எடுத்தாள். கட்டினாள். முடிந்தது.

நீயும் எடு. கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பார்த்திருக்கிறாயா? கெட்டியான, மழமழப்பான அட்டை. ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு அதைவிடச் சிறந்த சுவர் கடையில் கிடைக்காது. எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சி வேலிக்கம்பு ஆகும். பழைய ஒயரின் செம்புக் கம்பியை முறுக்கிப் பிரித்தால் மரம். ஸ்பான்ஜைத் துருவிச் சாயம் போட்டால் இலை.

காட்டுத் தரைக்குத் தேயிலைத்தூள். டீ போட்டபின் வடிகட்டியில் மிஞ்சுமே, அதுதான். ஒன்று கவனம். பாலும் சர்க்கரையும் சேர்ந்து கொதித்த தூள் வேண்டாம், பூசணம் பிடிக்கும். வெறும் தண்ணீரில் கொதித்ததை அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துத் தூவு. ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மேலே சொட்டுச் சொட்டாக ஊற்று. அந்த ஒரு சொட்டு இல்லாவிட்டால் பசை உருண்டு உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது.

காசா? எஞ்சினுக்குக் காசு வேண்டும்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் பெட்டிக்குள் ஒன்று கிடக்கிறதே! அதை ஓட்டாமல் இரண்டாவதற்கு விலை விசாரிக்கிறாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கிக் குவிப்பது கட்டுவதாகாது.

"வாடகை வீடு சார். மாறிப் போகணுமே."

போ! யார் வேண்டாம் என்றது? பலகையை நாலடித் துண்டுகளாகச் செய். போல்ட் நட்டுப் போட்டு இணை. வீடு மாறும்போது கழற்று.

அமெரிக்காவில் ஜான் ஆலன் என்று ஒரு புகைப்படக்காரர். ரயில் மாடல் உலகில் அவரைக் கும்பிடாதவர் குறைவு. அவருடைய 'கோரி அண்ட் டிஃபீட்டட்' லேஅவுட் முதலில் எவ்வளவு பெரிது தெரியுமா? ஏறக்குறைய மூன்றரை அடிக்கு ஆறரை அடி. ஒரு கட்டில் அளவுதான்!

வீடு மாறினார். பலகையைத் தூக்கி எறிந்தாரா? இல்லை. கலிபோர்னியாவின் மான்டரே ஊரில், வீட்டின் நிலவறை முழுக்க மலையும் பள்ளத்தாக்குமாக ஒரு பெரிய லேஅவுட் கட்டினார். அந்தப் பழைய பலகையை அதற்குள் ஒரு மூலையாகச் சேர்த்துக்கொண்டார்!

சின்னதாகத் தொடங்கியது வீணானதா?

இப்போது உண்மையைப் பேசுவோமா? காரணம் இடமுமல்ல, காசுமல்ல, வீடுமல்ல. நீ பயப்படுகிறாய். கட்டி, கரண்ட் கொடுத்து, வீட்டில் எல்லாரும் சுற்றி நிற்கும்போது வண்டி கவிழ்ந்தால்?

கவிழும்! நான் சொல்கிறேன், நிச்சயம் கவிழும். முதல் நாளே கவிழும்.

கவிழாமல் என்ன செய்யும்? வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து நிறுத்துவது எது தெரியுமா? சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு இருக்கிறது. எச்.ஓ. வண்டியில் அதன் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதை நம்பித்தான் முழு வண்டியும் ஓடுகிறது. ஒரு மணல் துகள் போதும், தூக்கி எறிய.

கவிழ்ந்ததும் நீ என்ன செய்வாய்? "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று பெட்டிக்குள் திரும்ப அடுக்குவாய். அதைத்தான் செய்யாதே!

குனி. கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவா. கேள்: எங்கே கவிழ்ந்தது?

வெவ்வேறு வண்டியாக விட்டுப் பார். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் கவிழ்கிறதா? குற்றம் தடத்தில். ஒரே வண்டி எல்லா இடத்திலும் கவிழ்கிறதா? குற்றம் அந்த வண்டியின் சக்கரத்தில். இந்த இரண்டில் எதிலாவது உன் பெயர் இருக்கிறதா?

தடத்தில் என்றால், விரல் நகத்தைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் வைத்து மெல்ல இழு. இணைப்பு வரும் இடத்தில் நகம் தடுக்கும். அங்கேதான்! ஒரு முனை இம்மியளவு துருத்திக்கொண்டு நிற்கும். சின்ன அரத்தை எடு. நாலு இழுப்பு. மறுபடி நகம் வை. தடுக்கவில்லையா? ஓட்டு!

வளைவில் இணைப்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறதா? அடுத்த முறை இரண்டு நீளத்தையும் நேராக வைத்துச் சால்டரிங் செய்துவிட்டு, அப்புறம் வளை. வளைத்தபின் இணைக்கப் பார்த்தால் தண்டவாளம் உன் பேச்சைக் கேட்காது.

சக்கரம் என்றால், இரண்டு சக்கரத்துக்கும் இடையே அளந்து பார். ஒன்று உள்ளே தள்ளியிருக்கும். திருகி இழு. தீர்ந்தது.

பார்த்தாயா? உன் தோல்விக்கு ஒரு விலாசம் இருக்கிறது. இந்தப் பலகை, இந்த வளைவு, மூன்றாவது இணைப்பு, இடப்பக்கத் தண்டவாளம். போய்த் தட்டினால் கதவு திறக்கும். விலாசம் கேட்காதவன்தான் "என் ராசி" என்று அழுதுகொண்டிருக்கிறான்!

கவிழ்ந்தது போதாதென்று அடுத்து ஒன்று வரும். ஏற்றம்!

ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் பாலம் போட்டுக் கடக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? எச்.ஓ. அளவில் கீழ் வண்டி இடிக்காமல் போக, ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். நீ நாலடிக்குள் ஏற்றிவிட்டாய். என்ன ஆகும்? எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றும். பெட்டிகள் பின்னால் இழுக்கும்.

எஞ்சினைத் திட்டாதே. கணக்கைப் போடு. நூற்றுக்கு மூன்று என்ற ஏற்றத்தில் 75 மில்லிமீட்டர் உயர, இரண்டரை மீட்டர் ஓட்டம் வேண்டும். நீ கொடுத்தது அதில் பாதி! எஞ்சின் என்ன செய்யும், பாவம்?

நிஜ ரயிலுக்கும் இதே பாடுதான். கல்லாறு தாண்டினால் ஊட்டி மலை எவ்வளவு செங்குத்து தெரியுமா? பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏற வேண்டும். வெறும் சக்கரத்தால் ஏற முடியுமா? வழுக்கும்!

விட்டுவிட்டார்களா? நடுவே பல் வைத்த இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்டுபிடித்த முறை. எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பல்லைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. இரண்டு வரிசைப் பல்லும் நேருக்கு நேர் இருக்காது, மாறி மாறி இருக்கும். ஒன்றில் பிடி விடும்போது மற்றதில் பிடி இருக்கும்.

1854இல் யோசனை. 1891இல் வேலை ஆரம்பம். 1899இல் குன்னூர். 1908இல் உதகை. 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2203 மீட்டர் உயரத்தில் போய் நின்றது வண்டி. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

யோசனைக்கும் வேலைக்கும் நடுவே 37 வருஷம் போனதே என்கிறாயா? அதை உன் அட்டைப்பெட்டிக்குச் சாக்காகச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்!

பலகையை நீளமாக்கு. இல்லையா, பாலத்தை விடு. சமதளத்தில் ஓட்டு. ரசமட்டம் வைத்துப் பார்த்து ஓட்டு. முதல் லேஅவுட்டுக்கு மலை எதற்கு? என் கட்சி சமதளம்தான்.

"எலக்ட்ரிக் வேலை தெரியாதே."

பன்னிரண்டு வோல்ட்டுக்கா இந்த நடுக்கம்? தண்டவாளத்தைத் தொட்டாலும் உன்னை ஒன்றும் செய்யாது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் பக்கம் மட்டும் விளையாடாதே. டிரான்ஸ்ஃபார்மரை நல்லதாக வாங்கு, பிரிக்காதே. மற்றதெல்லாம் உன் ராஜ்யம்!

தூரத்து மூலையில் வண்டி தள்ளாடுகிறதா? இணைப்புகளில் மின்சாரம் தேய்ந்து போகிறது. அந்த மூலைக்குத் தனியாக இரண்டு ஒயர் இழு. சால்டரிங் செய்யும்போது பக்கத்து ஸ்லீப்பர் உருகுகிறதா? இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வை. சூடான முனையால் சட்டென்று தொட்டுச் சட்டென்று எடு.

வண்டி லூப்பில் சுற்றி, வந்த வழியே திரும்பும்போது எல்லாம் அணைந்துவிட்டதா? உனக்கு மட்டுமல்ல, இரண்டு தண்டவாள மின்சாரத்தில் ஓட்டும் எல்லாருக்கும் இதே கதைதான். திரும்பி வந்த தடத்தில் இடது தண்டவாளம் வலதைத் தொடுகிறது. பிளஸ் மைனஸைத் தொட்டால்? ஷார்ட்!

லூப்பின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டு. பிளாஸ்டிக் இணைப்பைச் செருகு. அந்தத் துண்டுக்கு மட்டும் தனி ஒயர், திசை மாற்றும் ஸ்விட்ச். வண்டி லூப்புக்குள் இருக்கும்போது மெயின் தடத்தின் திசையை மாற்று. வெளியே வரும்! முதல்முறை அது வெளியே வரும்போது நீ கத்துவாய். பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். எழட்டும்.

இந்த ஒயர் வேலை ஒருவனை எங்கே கொண்டுபோகும் தெரியுமா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1946இல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் சங்கம் தொடங்கினார்கள். மேலே மலையும் ஊரும் கட்டியவர்கள் ஒரு கோஷ்டி. பலகைக்கு அடியில் மல்லாந்து கிடந்து, டெலிபோன் ரிலேக்களை ஒயரால் கோத்தவர்கள் இன்னொரு கோஷ்டி. அந்த இரண்டாவது கோஷ்டிதான் கம்ப்யூட்டரிடம் போய் உட்கார்ந்தது. 1962இல் 'ஸ்பேஸ்வார்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதிய ஸ்டீவ் ரஸ்ஸல் அந்தச் சங்கத்துக்காரர்தான்.

ரயில் பலகைக்கு அடியில் படுத்தவர்கள் எங்கே போய் எழுந்தார்கள் பார்!

அப்படியும் மின்சாரம் மண்டையில் ஏறவில்லையா? பரவாயில்லை. ராட் ஸ்டூவர்ட்டுக்கும் ஏறவில்லை.

யார் அவர்? பிரிட்டிஷ் ராக் பாடகர். உலகமெல்லாம் மேடை. 1940களின் அமெரிக்க நகரம் ஒன்றைத் தன் வீட்டு மாடியில் எச்.ஓ. அளவில் கட்டினார். கட்டி முடிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முடிந்த வேலையை 2019இல் ஒரு ரயில் மாடல் பத்திரிகையில் காட்டினார். வானொலியில் ஒருவர், இவரே எங்கே கட்டியிருக்கப் போகிறார் என்கிற தொனியில் பேசியதும், பாடகருக்கு வந்ததே ரோஷம்! தானே போன் போட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு என் கை வேலை என்றார். மின் இணைப்பு மட்டும் வராது, அதற்கு ஆள் வைத்தேன் என்று கூச்சமில்லாமல் சொன்னார்.

உனக்கு மட்டும் என்ன கூச்சம்? தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. டீ வாங்கிக் கொடு. கற்றுக்கொள்.

நேரமில்லை என்றும் ராட் ஸ்டூவர்ட்டிடம் சொல்லிவிடாதே. கச்சேரிக்குப் போகிற ஊரிலெல்லாம் ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, கருவிகளைப் பரப்பி, கட்டடங்கள் செய்தவர் அவர். நீ ராத்திரி செல்போனைத் தேய்க்கும் நேரத்தை எனக்குக் கொடு. போதும்.

"கட்டினது எல்லாம் ஒருநாள் போயிடுமே."

போகலாம். ஜான் ஆலனுக்குப் போனது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே அந்த நிலவறையில் தீப்பிடித்தது. மலையும் பாலமும் கருகிப்போயின. இன்றும் அவர் எடுத்த புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். எரிந்ததா, இல்லையா? நீயே சொல்!

"வெளிநாட்டுக்காரர் கதையாகவே சொல்கிறீர்களே."

புனேக்கு ரயில் ஏறு. கோத்ரூட்டில் பாவ்சாஹேப் ஜோஷி என்பவர் கட்டிய சின்னஞ்சிறு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பொழுதுபோக்காகத் தொடங்கியவர், 1998இல் ஊருக்கே திறந்துவிட்டார். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டு. திரும்பி வரும்போது உன் கையில் சாக்கு மிச்சமிருக்கிறதா என்று பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. இதுதான் உன் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கும் முள், எனக்குத் தெரியும்.

"இந்த வயசில் ரயில் விளையாட்டா? சிரிப்பார்களே!"

சிரிக்கட்டும்! 2000ஆம் ஆண்டு ஃபிரெடெரிக் பிரவுன் என்பவர் சூரிக் நகரில் ஒரு ரயில் மாடல் கடையைப் பார்த்தார். ஹாம்பர்க்கில் இருந்த இரட்டைச் சகோதரர் கெரிட்டுக்குப் போன் போட்டார். உலகிலேயே பெரிய மாடல் ரயிலைக் கட்டுவோம் என்றார். கெரிட்டுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இரண்டு பேரும் அப்போது நடத்திக்கொண்டிருந்தது இரவு நடனக் கிளப்!

2001 ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் அவர்களுடைய 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' திறந்தது. அதற்குப் பிறகு இரண்டு கோடிப் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

உன்னை அப்படிக் கட்டச் சொல்லவில்லை. உனக்கு நாலைந்து அடி. இந்த ஞாயிற்றுக்கிழமை மரக்கடைக்குப் போ. 12 மில்லிமீட்டர் பிளைவுட். அடியில் ரீப்பர் கட்டை அடிக்கச் சொல். நாலு பக்கமும் பெயிண்ட் அடி, இல்லாவிட்டால் மழைக்காலத்தில் வளையும். மொட்டைமாடி அறையா? தண்டவாள இணைப்பில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடு. கத்திரி வெயிலில் தண்டவாளம் நெளிந்துவிடும்.

இரண்டு பாயிண்ட், மூன்று தடம். கரண்ட் கொடு. கவிழும். விலாசம் கண்டுபிடி. மறுபடி ஓட்டு!

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். "என்ன சார், குழந்தைக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார். பதில் சொல்லாதே. நாற்காலியை இழுத்துப் போடு. கன்ட்ரோலரை அவர் கையில் கொடு. எட்டுச் சீட்டைக் குலுக்கி ஐந்தை எடுக்கச் சொல். அந்த வரிசையில் வண்டியைக் கோக்கச் சொல்.

இரண்டாவது வேகனிலேயே மாட்டிக்கொள்வார். "இருங்க, இருங்க, சொல்லாதீங்க" என்பார். ராத்திரி ஒன்பதரைக்கு அவர் வீட்டிலிருந்து ஆள் அனுப்பித்தான் அவரைக் கூட்டிப்போக வேண்டியிருக்கும்.